நுரைக்காத சோப்பும் வேகாத பருப்பும்

கம்பம் பள்ளத்தாக்கிலே, முல்லையாற்றங்கரை ஊர் ஒன்றில் பிறந்து வளர்ந்த பெண் ஒருத்தி, ஆண்டிபட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டாள். நமக்குத் தெரிந்த குடும்பம்; ஆகையால் பெயரும் ஊரும் சொல்லாமல் விடுகிறோம். கல்யாண விருந்துகளெல்லாம் ஓய்ந்த பிறகு, ஒரு நாள் காலையில் புது மருமகள் முதன் முதலாகச் சமையற்கட்டுக்குள் பிரவேசித்தாள். குழாயில் தண்ணீர் பிடித்துத் துவரம் பருப்பைக் களைந்து குக்கரில் வைத்தாள். குக்கர் ஐந்து முறை கூவிற்று. திறந்து பார்த்தால் பருப்பு மசியவில்லை. இன்னும் நாலு முறை கூவ விட்டாள். அப்போதும் பருப்பு, "உன்னால் ஆனதைப் பார்த்துக்கொள்" என்று சொல்வதுபோல் விறைத்துக்கொண்டு கிடந்தது.

மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஏன் தாயி, பருப்பு வேகவைக்கக்கூடவா உங்க வீட்டில் சொல்லிக்கொடுக்கலை?"

"எங்க ஊரிலே மூணு விசிலுக்கே குழைஞ்சு போகும் அத்தை. இந்தப் பருப்புக்கு என்ன வந்துச்சோ, தெரியலை."

"பருப்புக்கு ஒண்ணும் வரலை. நம்ம வீட்டில் எப்பவும் வாங்குற பருப்புத்தான்."

அதற்கு மேல் இருவரும் பேசவில்லை. பேசாமல் இருந்தது அன்றோடு போகவுமில்லை. அன்று உண்டான மனக்கசப்புத் தீர ஆறு மாதம் பிடித்தது. அது எப்படித் தீர்ந்தது என்பதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறோம். இப்போதைக்கு நேயர்கள் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பருப்பின் மேல் குற்றம் இல்லை. பெண்ணின் மேலும் குற்றம் இல்லை. குற்றம் முழுவதும் தண்ணீருடையது.

ஒரு வீடு, இரண்டு தண்ணீர்

தேனி ஜில்லாவில் எந்த வீட்டுக்குப் போனாலும், "இது நல்ல தண்ணீரா, உப்புத் தண்ணீரா?" என்ற கேள்வி காதில் விழாமல் இராது. ஆற்றிலிருந்து குழாய் வழியாக, வாரத்தில் சில நாட்களிலோ நாளில் சில மணி நேரமோ வருவது நல்ல தண்ணீர். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டார் ஏற்றித் தருவது உப்புத் தண்ணீர். குளிக்கவும், துவைக்கவும், பாத்திரம் துலக்கவும் அது. இரண்டுக்கும் தனித்தனிக் குடம், தனித்தனிக் குழாய், வசதி உள்ளவர்கள் வீட்டில் தனித்தனித் தொட்டி. அந்த வீட்டுப் பெண்கள் எந்தக் காரியத்துக்கு எந்தக் குடம் என்பதை யோசித்துப் பார்த்துச் செய்வதில்லை. கை தானாகவே போகும். வெளியூரிலிருந்து வந்த மருமகளின் கைக்குத்தான் அது தெரியவில்லை.

உப்புத் தண்ணீர் என்ற பெயரே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. கடல் நீரைப் போல் அது கரிப்பதில்லை. சோற்றுப்பு அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பருப்பை வேகவிடாமல் செய்வதும், சோப்பை நுரைக்கவிடாமல் செய்வதும் சோற்றுப்பு அல்ல. சுண்ணாம்பின் சாரமாகிய கால்சியமும், அதன் தோழனாகிய மக்னீசியமுமே. இவ்விரண்டும் மிகுதியாகக் கரைந்திருக்கும் தண்ணீரைக் கடின நீர் என்றும், குறைவாக உள்ளதை மென்னீர் என்றும் இரசாயனப் பாடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். பிள்ளைகளும் பரீட்சையில் ஒழுங்காக எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும், தங்கள் தாயார் அடுப்படியில் படும் பாட்டுக்கும் அந்தப் பாடத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு பிள்ளையாவது நினைக்கிறதா என்பது சந்தேகந்தான்.

இந்தச் சந்தேகம் ஒரு வருஷம் நமக்கு வலுத்தது. ஆகவே வகுப்பில் ஒரு காரியம் செய்தோம். ஒவ்வொரு பிள்ளையும் அவரவர் வீட்டுத் தண்ணீரில் ஒரு புட்டி கொண்டு வரவேண்டும் என்றோம். லோயர் கேம்ப் பக்கத்து ஆற்று நீர் வந்தது. தேனி நகரத்துக் குழாய் நீர் வந்தது. ஆண்டிபட்டிப் பக்கத்து ஆழ்துளை நீர் வந்தது. முதல் நாள் இரவு பெய்த மழையில் பாத்திரம் வைத்துப் பிடித்த நீரையும் ஒரு பெண் கொண்டுவந்தாள். ஒவ்வொரு புட்டியிலும் ஒரே அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்கச் சொன்னோம். மழை நீர் குலுக்கியவுடன் கழுத்து வரை நுரைத்தது. ஆற்று நீர் அதற்கு அதிகம் பிந்தவில்லை. ஆழ்துளை நீரோ நுரைக்கவே இல்லை. தயிர் திரிந்தாற்போல் வெள்ளைப் பிசிறுகள் மிதந்தன. அந்தப் புட்டியைக் கொண்டுவந்த பையன் வெட்கப்பட்டு அதைப் பின்னால் மறைத்துக்கொண்டான். தண்ணீர் கடினமாக இருந்ததற்கு அவன் என்ன செய்வான்!

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?

எல்லாத் தண்ணீரும் வானத்திலிருந்து வரும்போது மென்னீராகவே வருகிறது. மழைத் துளி, காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைச் சிறிது கரைத்துக்கொண்டு, மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லிலும் மண்ணிலும் உள்ள சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எவ்வளவு காலம் தண்ணீர் நிலத்துக்குள் தங்குகிறதோ, எவ்வளவு ஆழத்தில் பாறை இடுக்குகளில் ஊர்கிறதோ, அவ்வளவுக்கு அதன் பாரம் ஏறுகிறது.

மேற்கு மலைக் காட்டில் கொட்டும் மழை, சுலபத்தில் கரையாத கடும் பாறைகளின் மேல் ஓடி, நாள் கணக்கிலேயே ஆற்றில் வந்து சேர்கிறது. அதற்குச் சுண்ணாம்பைச் சேகரிக்க அவகாசம் இல்லை. அந்த நீரைத்தான் 1895-இல் பென்னிகுயிக் துரை கட்டி முடித்த பெரியாறு அணை தேக்கி, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திருப்பி அனுப்புகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர்தோறும் நனைத்துக்கொண்டு அது வைகையில் கலக்கிறது. பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நஞ்சை அதை நம்பியிருக்கிறது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து ஜில்லாக்கள் அதனால் பயன் பெறுகின்றன. லோயர் கேம்ப்பில் 2013-இல் திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபத்துக்கு ஜனவரி 15-ஆந் தேதி போய்ப் பார்த்தால், அவருடைய பிறந்த நாளன்று குடியானவர்கள் பொங்கல் வைத்து வணங்கும் காட்சியைக் காணலாம்.

மென்னீருக்குச் சுண்ணாம்பின் மேல் எவ்வளவு பசி என்பதற்கு அந்த அணையே ஒரு சாட்சி. சுண்ணாம்பும், சுட்ட செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்து கட்டப்பட்ட அணை அது. உள்ளே கசியும் நீர் காரையிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளிவருவதைப் பொறியியல் நிபுணர்கள் கண்டார்கள்; 1930-களில் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் கரைசலை உள்ளே செலுத்தினார்கள். பின்னால் வந்த காலத்தில் மேலும் பலப்படுத்தினார்கள். அணையின் காரையில் ஆற்று நீர் செய்கிற வேலையைத்தான், நிலத்தின் அடியில் மழை நீர் இராப்பகலாகச் செய்துகொண்டிருக்கிறது.

ஆற்றங்கரையை விட்டுச் சற்று விலகிப் போனால் நிலைமை மாறிவிடுகிறது. மலையின் மறைவில் மழை குறைவாகப் பெறும் பூமி அது. பெய்கிற கொஞ்ச மழையும் வெயிலில் ஆவியாகிவிட, கரைந்த பொருள் மட்டும் மண்ணில் தங்குகிறது. பழைய நாளில் ஊர்க் கிணறு மழைக்காலத்தில் நிரம்பியது. அந்த நீர் அவ்வளவு கடினமாயில்லை. கிணறு வற்றியது, ஆழ்துளை போட்டோம். அதுவும் வற்றியது, இன்னும் ஆழமாகப் போட்டோம். பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கிக் கனத்துப்போன நீரை மேலே கொண்டுவந்து, "ஐயோ, உப்பாயிருக்கிறதே!" என்று முகம் சுளிக்கிறோம்.

சோப்பின் கணக்கு

இந்திய தர நிர்ணயம் 2012-இல் வகுத்தபடி, குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்கு மேற்படாமல் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். 180-க்கு மேல் போனாலே மிகக் கடின நீர் என்பது உலக வழக்கு.

இந்த எண்களைக் குடும்பக் கணக்காக மாற்றிப் பார்ப்போம். கடினத்தன்மை லிட்டருக்கு 400 மில்லிகிராம் உள்ள நீரை 15 லிட்டர் கொண்ட ஒரு வாளியில் எடுத்துக்கொள்வோம். சோப்பை அதில் கரைத்தால், சோப்பு முதலில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசிறாகிவிடும். கால்சியம், மக்னீசியம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் நுரை எழும்பும். இரசாயனக் கணக்குப்படி, அந்த ஒரு வாளி நீரில் நுரை எழும்புமுன்பே சுமார் 36 கிராம் சோப்பு வீணாகிறது. 75 கிராம் சோப்புக் கட்டியில் ஏறக்குறையப் பாதி! மாதச் சாமான் பட்டியலில் சோப்புக் கட்டி மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று கேட்கும் குடும்பத் தலைவர்கள், பட்டியலைப் பார்ப்பதற்குப் பதில் குழாயைப் பார்ப்பது நலம்.

வீணாவது சோப்பு மட்டுமா? அந்தப் பிசிறு துணியின் இழைகளில் ஒட்டிக்கொண்டு வெள்ளை வேட்டியைச் சாம்பல் நிறமாக்குகிறது. தலைமயிரில் படிந்து சொரசொரப்பாக்குகிறது. வெந்நீர் காய்ச்சும் மின்சாரக் கம்பியில் ஓடு கட்டிக்கொள்கிறது; ஓடு கட்டிய கம்பி சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்காமல் தானே பொசுங்கிப் போகிறது. குழாய் வாயில் வெள்ளைப் பொருக்குத் தட்டி நீர் பல திசையில் பீறிடுகிறது. இட்லிப் பாத்திரத்தின் அடியில் மாவு பூசினாற்போல் படிகிறது. திராட்சைத் தோட்டத்துச் சொட்டுநீர்க் குழாயின் சிறு துளைகளை அடைத்துவிடுகிறது. நீராவி வண்டிகள் ஓடிய காலத்தில், ரயில்வேக்காரர்கள் எஞ்சினுக்கு ஊற்றும் தண்ணீரைச் சோதித்துப் பார்த்தே ஊற்றினார்கள். கொதிகலனில் ஓடு கட்டினால் கரி வீணாகும், கொதிகலன் வெடிக்கவும் கூடும் என்று அவர்களுக்குத் தெரியும். எஞ்சினுக்குக் காட்டிய அக்கறையை நாம் அடுப்படிக்குக் காட்டவில்லை.

பருப்பின் கதையும் இதுதான். பருப்பின் நுண்ணறைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின் என்னும் பசை. கொதிக்கும் மென்னீரில் அது இளகிப் பருப்புக் குழைகிறது. கடின நீரில் உள்ள கால்சியம் அந்தப் பசையைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. பிறகு எத்தனை விசில் வந்தால் என்ன? எரிவாயு தீர்வதுதான் மிச்சம். ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் வேகும். ஆனால் அதை நித்திய வழக்கமாக வைத்துக்கொள்வது உசிதமன்று. பருப்பில் உள்ள தயாமின் என்னும் வைட்டமினை அது கெடுத்துவிடும்.

பாட்டி அறிந்த இரசாயனம்

சோப்பு இந்த நாட்டுக்கு வருமுன் நம் மக்கள் அழுக்கோடா இருந்தார்கள்? இல்லை. சீயக்காய், அரப்பு, பூந்திக்கொட்டை இவற்றைக் கொண்டு குளித்தார்கள்; துணி வெளுத்தார்கள். இவற்றில் நுரை தருவது சபோனின் என்னும் பொருள். அது சோப்பைப்போல் கால்சியத்தோடு சேர்ந்து பிசிறு கட்டுவதில்லை. ஆகையால் உப்புத் தண்ணீரிலும் அது தன் வேலையைச் செய்யும். நம் பாட்டிமார் சீயக்காய் தேய்த்துக் குளித்த பின் தலைமயிர் பளபளத்ததில் வியப்பு ஒன்றும் இல்லை.

சலவைத் தொழிலாளர்கள் அதைவிடச் சாமர்த்தியசாலிகள். துணிகளை உவர்மண் கரைத்த நீரில் நனைத்து வெள்ளாவி வைத்தார்கள். உவர்மண்ணில் இருப்பது சோடா உப்பு. கடைகளில் சலவைச் சோடா என்று பொட்டலம் கட்டி விற்பதும் அதுவேதான். அது கடின நீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்து அடியில் வண்டலாகப் படிய வைத்துவிடும். தண்ணீரை மென்மையாக்கிய பிறகே துணியை வெளுக்க வேண்டும் என்ற உண்மையை, பள்ளிக்கூட வாசலையே மிதியாத அந்த மனிதர்கள் கைத்தொழிலாகக் கைக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நாம் சமூகத்தில் கொடுத்த இடத்தை நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் குழப்பம் கூடாது. தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்தால் கலங்கல் நீர் தெளியும். தெளிவது வேறு, மென்மையாவது வேறு. கண்ணாடிபோல் தெளிந்த நீரிலேயே சுண்ணாம்பு ஏராளமாய்க் கரைந்திருக்கும். நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் எந்தத் தண்ணீரும் இனிக்கும். ஆனால் அப்போது மாறுவது நம் நாக்கு, தண்ணீர் அன்று.

முள்ளை முள்ளால் எடுப்பது

கடின நீரில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கொதிக்க வைத்தால் திருந்திவிடும். பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சில நிமிஷம் கொதித்ததும் கரியமிலவாயுவை விட்டுவிட்டு அடியில் படிந்துவிடும்; ஆறவைத்து மேலாக இறுத்துக்கொள்ளலாம். இதைத் தற்காலிகக் கடினத்தன்மை என்பார்கள். மற்றொன்று, சல்பேட்டாகவும் குளோரைடாகவும் கரைந்திருப்பது. எவ்வளவு கொதித்தாலும் திருந்தாது. அதற்குச் சலவைச் சோடாவே மருந்து. நாம் மேலே கணக்கிட்ட ஒரு வாளி நீருக்கு ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரைத் தேக்கரண்டி சோடாவைக் கரைத்துச் சற்று நேரம் வைத்திருந்து, பிறகு சோப்பைப் போட்டால் செலவு எவ்வளவோ குறையும். இது துவைப்பதற்கு மட்டுமே என்பதை நினைவில் வைக்க வேண்டும். குடிக்கும் நீரில் போடலாகாது.

பெரிய அளவில் செய்ய ஒரு விசித்திரமான வழி இருக்கிறது. ஸ்காட்லாந்திலே அபர்டீன் நகரத்துப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் என்பவர் 1841-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுண்ணாம்பினால் கெட்ட தண்ணீரில் மேலும் சுண்ணாம்பையே கலப்பதுதான் அந்த வழி! கலந்த சுண்ணாம்பும், முன்பே கரைந்திருந்த சுண்ணாம்பும் சேர்ந்து கரையாத பொருளாகி இரண்டும் அடியில் வீழ்ந்துவிடும். முள்ளை முள்ளால் எடுப்பது என்று நாம் சொல்வது இதைத்தானே? மேல்நாட்டுப் பட்டணங்கள் பலவற்றில் நகரத்துக்கு வரும் நீர் முழுவதையும் இம்முறையில் மென்மையாக்கி வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஒரு பொது இடத்தில் ஒரு முறை செய்ய வேண்டிய வேலையை, நம் ஊரில் ஆயிரம் வீடுகளில் ஆயிரம் பெண்கள் தினந்தோறும் தனித்தனியே செய்துகொண்டிருக்கிறார்கள்.

பயமும் வேண்டாம், மோகமும் வேண்டாம்

கடின நீரைக் குடித்தால் சிறுநீரகத்தில் கல் உண்டாகும் என்ற அச்சம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. நீரின் கடினத்தன்மையினால்தான் கல் உண்டாகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை. கோடை வெயிலில் வேலை செய்துவிட்டுப் போதிய தண்ணீர் குடியாமல் இருப்பதே பெரிய காரணம். உலக சுகாதார ஸ்தாபனம், கடினத்தன்மைக்கு ஆரோக்கியத்தை முன்னிட்டு எந்த வரம்பும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்துக்களே. உப்புத் தண்ணீருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைப்பவர்கள், எதற்கு அஞ்சுகிறார்களோ அதையே தேடிக்கொள்கிறார்கள்.

இந்த அச்சத்தின் மேல் ஒரு பெரிய வியாபாரம் நடக்கிறது. ஆர்.ஓ. என்னும் இயந்திரத்தை வீட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். மாட்ட வசதி இல்லாதவர்கள் 20 லிட்டர் கேன் வாங்குகிறார்கள். மிகவும் கெட்டுப்போன நீருக்கு அந்த இயந்திரம் பிரயோஜனமானதே. ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீர் தருவதற்கு அது இரண்டு மூன்று லிட்டர் நீரைக் கழிவாக வெளியே தள்ளுகிறது. நீரில் கரைந்துள்ள உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் அதைத் தடை செய்ய வேண்டுமென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் கூறியது. ஆற்றுக் குழாய் நீர் வரும் வீட்டிலும் அக்கம்பக்கத்தார் மாட்டினார்கள் என்பதற்காக அதை மாட்டி, நல்ல நீரில் பெரும்பகுதியைச் சாக்கடையில் விடுவது எவ்விதத்திலும் நியாயமாகாது. மாட்டியே தீர வேண்டியவர்கள், கழிவு நீரை வாளியில் பிடித்துத் தரை கழுவவாவது உபயோகிக்கலாம்.

ஆற்று நீர் மென்மையானது என்றோமே, அது தூய்மையானது என்று சொல்லவில்லை. கிருமி இருப்பது கடினத்தைப் பொறுத்ததன்று. எந்த நீரானாலும் காய்ச்சிக் குடிப்பது நலம். எதை வாங்குவதற்கு முன்னும் வீட்டு நீரைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 1971-இல் ஏற்பட்ட தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு ஜில்லாக்களில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. விற்க வந்தவர் தட்டில் ஊற்றி நிறம் மாற்றிக் காட்டும் வித்தையைவிட, அந்தக் கூடத்தின் ஒரு துண்டுக் காகிதம் மேலானது.

கூரை மேல் வரும் நல்ல தண்ணீர்

ஆண்டிபட்டிப் பக்கத்திலேயே 1959 முதல் வைகை அணை நிற்கிறது. அங்கிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் கிராமங்களுக்கு நீர் கொண்டுபோகின்றன. 2019-இல் தொடங்கிய ஜல ஜீவன் திட்டம் வீடுதோறும் குழாய் என்று சங்கற்பித்தது. குழாய் வந்தது நல்லதே. ஆனால் குழாயில் எந்த நீர் வருகிறது, எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்கவேண்டியது குடிமக்களாகிய நம் கடமை. ஆற்று நீர் குறையும்போது அதே குழாயில் ஆழ்துளை நீரைக் கலந்து விடுகிறார்கள் என்றால், அதை ஊராருக்குச் சொல்லிவிட்டுச் செய்யவேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் சாலைக்கும் விளக்குக்கும் எழும் குரல், தண்ணீரின் தன்மைக்காகவும் எழ வேண்டும். அந்தக் குரல் பெண்களுடையதாக இருக்க வேண்டும். ஏனென்றால் குடம் அவர்கள் இடுப்பில் இருக்கிறது.

இவையெல்லாம் ஆகிறபோது ஆகட்டும். நம் கையில் இன்றே உள்ள ஒரு வழியைச் சொல்கிறோம். 1,000 சதுர அடிக் கூரையின் மேல் ஓர் அங்குல மழை பெய்தால், அதில் வந்து விழும் நீர் சுமார் 2,300 லிட்டர். சிந்தியதும் சிதறியதும் போக 2,000 லிட்டர் பிடிக்கலாம். வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 40 லிட்டர் வேண்டுமானால், ஓர் அங்குல மழை ஐம்பது நாளைக்குக் காணும். பருப்பைக் கேளாமலே குழைய வைக்கும் மென்னீர் அது. தமிழ்நாட்டில் 2003-இல் ஒவ்வொரு கட்டிடத்திலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டுமென்று சட்டம் வந்தது. அப்போது பயந்து அமைத்த குழாய்கள் பல இன்று தூர்ந்து கிடக்கின்றன. அவற்றை ஐப்பசி பிறக்குமுன் சுத்தம் செய்யலாம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட்டு, பிறகு வருவதைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் சேர்க்கலாம். தொட்டியைக் கொசு புகாமல் இறுக மூடவேண்டும். குடிப்பதானால் காய்ச்ச வேண்டும். மீந்ததைக் கிணற்றிலோ நிலத்திலோ இறக்கினால் ஆழ்துளை நீரின் கடுமையும் கொஞ்சம் தணியும். பாதி மழை நீரும் பாதி உப்புத் தண்ணீரும் கலந்தால் கடினத்தன்மை ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்பது ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

மாமியாரும் மருமகளும்

ஆரம்பத்தில் சொன்ன வீட்டுக்கு இப்போது திரும்புவோம். ஆறு மாதம் சென்றது. ஒரு நாள் எங்கேயோ பெரிய குழாய் உடைந்து, ஊருக்கு ஒரு வாரம் நல்ல தண்ணீர் வரவில்லை. குடங்களெல்லாம் காலியாயின. மருமகள் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். மாமியாரே சமைத்தார், வேறு வழியில்லாமல் போர் தண்ணீரில் பருப்பை வைத்தார். அந்தப் பருப்பும் வேகவில்லை.

திரும்பி வந்த மருமகளிடம் மாமியார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "தாயி, அன்னிக்கு நீ எந்தக் குழாயில் தண்ணி பிடிச்சே?"

மருமகள் கொல்லைப்புறத்துக் குழாயைக் காட்டினாள்.

"சொல்லாமல் விட்டது என் தப்பு" என்றார் மாமியார். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதியானபடியால், அதைச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லையாம்.

சென்ற கார்த்திகையில் நாம் அந்த வீட்டுக்குப் போயிருந்தோம். மழை பிடித்துக்கொண்டிருந்தது. முற்றத்தில் கூரைத் தகரத்தின் கீழ் ஒரு பெரிய பீப்பாய் இருந்தது. அதன் வாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. முதல் மழை போய்விட்டதா என்று மாமியார் உள்ளிருந்து குரல் கொடுக்க, மருமகள் நனைந்துகொண்டே குழாயைப் பீப்பாய்ப் பக்கம் திருப்பிவிட்டாள். அன்று சாப்பாட்டில் நமக்குப் பருப்பும் நெய்யும் பரிமாறினார்கள். பருப்பு நன்றாகவே வெந்திருந்தது.